பஸ்ஸுக்காக எடுத்த பாடம்

எங்கள் வீட்டில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதைவிடப் பயந்தாங்கொள்ளி என்று கூப்பிட்டதே அதிகம். அதில் எனக்கு மனத்தாங்கல் எதுவும் கிடையாது, உண்மை அதுதான். பலா காய்த்துத் தொங்கும் மாதங்களில் மரத்தடியில் நிற்க மாட்டேன். விருந்தாளிகளை வாசலூர்பட்டி ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போனால் அவர்கள் படகில் ஏறுவார்கள், நான் கரையில் செருப்புகளுக்குக் காவல் இருப்பேன். மிளகு பறிக்க வீட்டுக்காரர் ஒற்றை மூங்கில் ஏணியை மரத்தில் சாய்க்கும்போது, நான் சமையலறைக்குள் போய் எதையாவது சத்தமாகக் கழுவ ஆரம்பித்துவிடுவேன். மகள் தூங்கும்போது மூக்கின் முன்னால் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பது அவள் பிறந்த அன்று தொடங்கிய பழக்கம். அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும் அதை விடவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய பயம் மலைப்பாதைதான். கொல்லிமலையிலேயே பிறந்தவள் கொண்டை ஊசி வளைவுக்குப் பயப்படுகிறாள் என்றால் யாரும் சிரிக்கத்தான் செய்வார்கள். பஸ் திரும்பும்போது அதன் பின்பாகம் பள்ளத்துக்கு மேலே போய்வருவது மாதிரி தோன்றும். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்வேன். பகலென்றால் டிரைவருக்காவது பாதை தெரிகிறதே என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். இருட்டிவிட்டால் அந்த ஆறுதலும் இல்லை.

நான் மலைக்குக் கீழே, கீழ்நாட்டுக் கல்லூரி ஒன்றில் வணிகவியல் படித்தேன். விடுதியில் தங்கிப் படித்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊருக்கு வருவேன். இரண்டாம் வருடத்தில் எங்கள் துறைக்குச் சம்பந்தமில்லாத பாடம் ஒன்றையும் கட்டாயம் எடுத்தாக வேண்டும் என்றார்கள். அந்த வகுப்புகளெல்லாம் வெள்ளிக்கிழமை மத்தியானம்தான். கம்ப்யூட்டர் எடுத்தால் சாயங்காலம் வரை இருக்க வேண்டும், ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியும் அப்படியே. தாவரவியல் துறையில் மட்டும் ஒரு மணி நேரம் முன்னாலேயே விட்டுவிடுவார்கள், ஏனென்றால் பாடம் நடத்திய அம்மாவுக்கும் பஸ் பிடிக்க வேண்டியிருந்தது. இருட்டுவதற்குள் மலையேறிவிடலாம் என்ற ஒரே காரணத்துக்காக நான் தாவரவியலை எடுத்தேன். உணவுச் செடிகளைப் பற்றிய பாடம் அது.

கேள்விப்பட்டதும் என் அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "நாம பொறந்ததுல இருந்து பாக்காத செடியா சாமி? அதைப் படிக்கறதுக்குக் காலேசு போகோணுமா? கம்ப்யூட்டர் படிச்சா நாளைக்கு ஒரு ஆபீசுல உக்காரலாம்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்கே அப்படித்தான் தோன்றியது. ஆனால் இருட்டில் அந்த வளைவுகளைக் கடப்பதைவிடக் காலம் முழுக்க வேலையில்லாமல் இருப்பது மேல் என்று நினைக்கிற வயது.

பாடம் நடத்திய அந்த அம்மா மெலிந்தவர், எப்போதும் அவசரத்தில் இருப்பவர். ஒரு வெள்ளிக்கிழமை பையிலிருந்து ஒரு குச்சிக்கிழங்கை எடுத்து மேசைமேல் வைத்தார். வெளியூர்க்காரர்கள் மரவள்ளிக்கிழங்கு என்பார்கள், எங்கள் பக்கம் குச்சிக்கிழங்கு. வகுப்பே சிரித்தது. எங்களில் பாதிப் பேர் வளர்ந்ததே அதைத் தின்றுதான். அவர் பச்சைக் கிழங்கைச் சிறு துண்டுகளாக நறுக்கி ஒரு பாட்டிலில் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு, வாயில் ஒரு மஞ்சள் காகிதத் துண்டைத் தொங்கவிட்டு மூடி வைத்தார். பிறகு வேறு எதையோ நடத்திக்கொண்டிருந்தார். மணி அடிக்கும் நேரத்தில் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். காகிதம் செங்கல் நிறத்துக்கு மாறியிருந்தது.

"இதை மாத்தினது என்ன தெரியுமா? சயனைடு" என்றார்.

அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. தின்கிற ரகத்தில் அது கொஞ்சம்தான், பெரும்பாலும் தோலில் இருக்கும். ஜவ்வரிசி ஆலைக்கென்று போடும் கசப்பு ரகத்தில் சதை முழுக்க உண்டு. மழை இல்லாமல் காய்ந்த வருடத்தில் இன்னும் கூடும். தோலைச் சீவி, நறுக்கி, மூடாமல் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டால் பெரும்பகுதி போய்விடும். "உங்க அம்மாக்கள் எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க. ஏன்னு சொல்லியிருக்காங்களா?" என்று கேட்டார். ஒருத்தர் அம்மாவும் சொல்லியிருக்கவில்லை. இந்த விஷம் உள்ளே போனால் மூச்சை இழுக்கலாம், ஆனால் இழுத்த காற்றை உடம்பால் எடுத்துக்கொள்ள முடியாது என்றார். மாற்று மருந்து இருக்கிறது, ஆனால் தின்றது இன்னதென்று டாக்டருக்குத் தெரிய வேண்டும், தெரிந்தால்தான் கொடுப்பார் என்றார். சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினார். நானும் ஓடினேன்.

அன்று வீட்டில் எங்கள் அம்மா அவித்துவைத்த கிழங்கை நான் தொடவில்லை. "நாலு எழுத்துப் படிச்சதும் நாக்கு நீண்டு போச்சு" என்று வசவு விழுந்தது. அந்தப் பாடத்தில் எப்படியோ தேறினேன். அதற்குப் பிறகு அது எதற்கும் வேண்டியிருக்கவில்லை. மலைமேலேயே, செம்மேட்டில் மிளகும் காபியும் வாங்கி விற்கும் கடை ஒன்றில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. அதற்கு என்னை யாரும் செடியைப் பற்றிக் கேள்வி கேட்கவில்லை.

போன மாதம் என் மகள் அறிவியல் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, "நான் என்ன டாக்டரா ஆகப் போறேன்? இதெல்லாம் எனக்கு எதுக்கும்மா?" என்றாள். நான் கத்தினேன். பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். அவள் மிரண்டுபோய்ப் புத்தகத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். அவளுக்கு ஏன் என்று விளங்கவில்லை. ஆறு வயதில் நடந்ததில் அவளுக்கு மிஞ்சியிருப்பது ஆஸ்பத்திரியில் யாரோ கொடுத்த ஒரு பலூன் மட்டும்தான். எனக்குப் பலூனைத் தவிர மற்றதெல்லாம் நினைவிருக்கிறது.

அது கிழங்கு பிடுங்கும் நாள், ஞாயிற்றுக்கிழமை. அந்த வருடம் மழை சரியில்லை. எங்கள் காட்டில் பெரும்பகுதி ஆலைக்குப் போகிற ரகம். கிழக்கு ஓரத்தில் ஒரு வரிசை மட்டும் வீட்டுக்கென்று தின்கிற ரகம் நடுவது மாமனார் காலத்திலிருந்தே வழக்கம். ஆள் பற்றாக்குறை என்று என் நாத்தனார், வீட்டுக்காரரின் தங்கை, அடிவாரத்திலிருந்து ஒத்தாசைக்கு வந்திருந்தாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. என் மகளைக் கண்டால் இடுப்பை விட்டு இறக்க மாட்டாள். என்னைக் கேலி செய்வதில் வீட்டுக்காரரையும் மிஞ்சியவள் அவள்தான். "அண்ணி, காத்தடிக்குது, கதவைச் சாத்திட்டு உக்காந்துக்கங்க" என்பாள். ஆனாலும் மகளை விட்டுவிட்டுப் போக நான் நம்பிய ஒரே ஆள் அவள்.

நான் வேலை செய்கிறவர்களுக்குச் சோறு எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது மகள் வரப்போரம் ஒரு சாக்கின்மேல் சுருண்டு படுத்திருந்தாள்.

"வெயில்ல ஓடி ஓடி அசந்துட்டாளுங்க அண்ணி, தூங்கட்டும்" என்றாள் நாத்தனார்.

வழக்கம்போல் குனிந்து விரலை வைத்தேன். மூச்சு வந்தது. ஆனால் தூங்குகிற குழந்தையின் மூச்சு எனக்குத் தெரியும், அத்தனை வருடமாக அதைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இது ஓடிவந்து நின்றவளின் மூச்சு. உதட்டோரத்தில் வாந்தி எடுத்த ஈரம். எழுப்பினேன். கண்ணைத் திறந்தாள், என்னைப் பார்க்காமல் மறுபடியும் மூடிக்கொண்டாள்.

"என்ன தின்னா?"

"ஒண்ணுமில்லீங்க, கிழங்கு சுட்டுக் கொடுத்தேன். கசக்குதுன்னு துப்புனா. அப்புறம் தேன் ஊத்திக் கொடுத்ததும் ஆசையாத் தின்னா."

சுட்ட கிழங்கின் மிச்சம் சாம்பல் ஓரத்தில் கிடந்தது. எடுத்து நுனிநாக்கில் வைத்தேன். தேனுக்கு அடியில் அந்தக் கசப்பு நாக்கிலேயே நின்றது. வீட்டுக்காரர் மினி லாரியில் கிழங்கு ஏற்றிக்கொண்டிருந்தார். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து, உடனே செம்மேட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன்.

"ஏம்புள்ள, நீ பயப்படாத நாளு எது? பித்த வாந்தியா இருக்கும். மோர் கொடுத்துப் படுக்க வையி, லோடு ஏத்திட்டு வாரேன்" என்றார். லாரிமேல் நின்ற ஆள்கூடச் சிரித்தான்.

நான் அழவில்லை. அழுதிருந்தால் இன்னும் சிரித்திருப்பார்கள். எத்தனையோ முறை எதுவுமில்லாததற்கெல்லாம் அலறி, என் பயத்துக்கு ஒரு மதிப்பும் இல்லாமல் ஆக்கிக்கொண்டது நான்தான். மற்ற பயங்களில் என்ன நடக்கும், எப்படி நடக்கும் என்று எனக்கே தெரியாது. இது அப்படியில்லை. இதில் ஒவ்வொரு படியும் எனக்குத் தெரிந்திருந்தது, அதனால்தான் குரல் கீழே இறங்கிவிட்டது. நாத்தனாரைத் திரும்பிப் பார்த்து, எந்த வரிசையில் பிடுங்கினாய் என்று கேட்டேன்.

"ஓரத்து வரிசைலதானுங்க. எங்கப்பன் காட்டுல எது ஊட்டுக் கிழங்கு, எது மில்லுக் கிழங்குன்னு எனக்குத் தெரியாதா?"

வீட்டுக்காரரின் கையிலிருந்த கூடை அப்படியே நின்றது. "ஓரத்து வரிசையா?" என்றார். "இந்த வருசம் நடறதுக்கு வெச்சிருந்த ஊட்டுக் குச்சி காஞ்சு போச்சு. அங்கயும் மில்லுக் குச்சிதான் நட்டேன்."

அவளிடம் அதைச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. பிறந்து வளர்ந்த காடு என்பதால் அவளுக்கும் கேட்கத் தோன்றவில்லை. புதிதாக வந்த ஒருத்தியாக இருந்திருந்தால் கேட்டுவிட்டுத்தான் பிடுங்கியிருப்பாள்.

"நீயும் தின்னியா?" என்று அவளைக் கேட்டேன்.

"ஒரு துண்டு."

"தலை சுத்துதா?"

அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு வரப்பில் உட்கார்ந்துகொண்டு, "ஆமாங்க அண்ணி. வெயிலுன்னு நெனச்சேன்" என்றாள்.

அதன்பிறகு யாரும் சிரிக்கவில்லை. பாதி லோடு ஏறியிருந்த அந்த லாரியிலேயே கிளம்பினோம். நாத்தனார் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நானும் வீட்டுக்காரரும் மகளை மடியில் போட்டுக்கொண்டு பின்னால் கிழங்குக் குவியலின்மேல் உட்கார்ந்தோம். வேறு இடம் இல்லை. ஒவ்வொரு குலுங்கலுக்கும் கிழங்குகள் சரிந்து என் காலை மூடின. நான் ஒரு கையால் அவற்றைத் தள்ளிக்கொண்டே, மறு கையால் மகளின் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தேன். "கண்ணு, அம்மாவப் பாரு, தூங்காத கண்ணு."

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் இளவயதுப் பெண். குழந்தையின் இமையை விலக்கி டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே, காட்டில் பூச்சி மருந்து ஏதாவது அடித்தீர்களா என்று கேட்டார். அடித்து ரொம்ப நாளாயிற்று என்றார் வீட்டுக்காரர். இப்போது நான் பேச வேண்டும். அப்போதுதான் அதுவரை இல்லாத வேறொரு பயம் என்னைப் பிடித்தது. நான் சொல்வது தவறாக இருந்தால்? தாவரவியலில் எப்படியோ தேறியவள், பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தவள், அரைகுறையாகக் கேட்டதைச் சொல்லி, அதை நம்பி இவர் வேறு மருந்தைக் கொடுத்து, அதனால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? பயந்தாங்கொள்ளி ஒருத்திக்கு இதைவிடப் பெரிய சோதனை வேண்டியதில்லை.

எப்படிச் சொன்னேன் என்று தெரியாது, சொல்லிவிட்டேன். கசப்பு ரகக் குச்சிக்கிழங்கு, மழையில்லாத காட்டில் விளைந்தது, வேகவைக்கவில்லை, சுட்டது, கசப்பு தெரியாமல் தேன் ஊற்றியது, அதில் சயனைடு இருக்கும் என்றேன். அவர் டார்ச்சை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எப்போது தின்றாள், எவ்வளவு தின்றாள், வேறு யார் தின்றார்கள் என்று மூன்றே கேள்வி கேட்டார். உடனே ஆக்சிஜன் வைக்கச் சொல்லிவிட்டு, கீழேயிருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். சயனைடுக்கான மாற்று மருந்தின் பெயரைச் சொல்லி, நாங்கள் போய்ச் சேருவதற்குள் அதை எடுத்துத் தயாராக வைக்கச் சொன்னார். போனை வைத்துவிட்டு, "நல்ல வேளை சொன்னீங்க. வாந்தி, மயக்கம்னு மட்டும் வந்திருந்தா நான் வேற பக்கம் தேடியிருப்பேன், நேரம் போயிருக்கும்" என்றார். அவருக்கு அந்த விஷத்தைப் பற்றி என்னைவிட நூறு மடங்கு தெரிந்திருந்தது. அவருக்குத் தெரியாமலிருந்தது எங்கள் காட்டில் நடந்தது மட்டும்தான்.

நாத்தனாரையும் ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் மலையிறங்கியது. மகளின் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். அதன் உட்பக்கம் மூச்சு பட்டுப் பட்டு ஆவி படிந்து மறைந்துகொண்டிருந்தது. "பாரு, மூச்சு நல்லா விடறா" என்று வீட்டுக்காரர் என் தோளைத் தொட்டார். அவருக்கு அது ஆறுதல். எனக்கு அந்த ஆறுதலும் இல்லை. மூச்சு விடுவது வேறு, அது உடம்பில் சேருவது வேறு என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் படித்ததை நினைத்து மனதாரச் சபித்தேன். தெரியாதவளாக இருந்திருந்தால் நானும் அந்த ஆவியைப் பார்த்து நிம்மதியாக வந்திருப்பேன். தெரியாதவளாக இருந்திருந்தால் அந்த வண்டியிலேயே இருந்திருக்க மாட்டோம் என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

பாதி வழியில் மகளின் கை ஒருமுறை விறைத்து வெட்டியது. நான் டிரைவரைப் பார்த்து, இன்னும் வேகமாகப் போங்க என்று கத்தினேன். வளைவுகளில் நான் கண்ணை மூடவில்லை. பள்ளம் எந்தப் பக்கம் வந்தது, எந்தப் பக்கம் போனது என்றே தெரியவில்லை. அன்று நான் பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான், மற்ற எல்லாப் பயத்தையும் அது விழுங்கிவிட்டிருந்தது.

கீழே மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். குழந்தையை உள்ளே கொண்டுபோனார்கள், நாத்தனாரை வேறொரு கட்டிலில் படுக்கவைத்தார்கள். எங்களை வெளியே நிற்கச் சொன்னார்கள். அந்தச் சாயங்காலம் முழுக்க நான் ஒரு சுவரில் சாய்ந்து நின்றேன். வேலைக்கென்று நான் படித்தவை தலைகீழாகச் சொல்லும் அளவுக்கு எனக்குத் தெரியும். வரவு, செலவு, இருப்பு, வரி, எல்லாம். அவைதான் எனக்குச் சோறு போடுகின்றன, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சுவரோரத்தில் அவற்றில் ஒரு வரிகூட எனக்கு வேண்டியிருக்கவில்லை. வேண்டியிருந்தது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் காதில் விழுந்தது மட்டும்தான். பாடம் நடத்திய அந்த அம்மா அன்றைக்கு விடுப்பு எடுத்திருந்தால்? நான் கடைசி பெஞ்சில் தூங்கியிருந்தால்?

மறுநாள் காலையில் மகள் கண்விழித்து, தண்ணீர் வேண்டும் என்றாள். வீட்டுக்காரர் வெளியே போய் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இனிப் பயமில்லை என்றார். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

நாத்தனார் தேறிவிட்டிருந்தாள். அவள் குழந்தை இருந்த அறைக்குள் வரவில்லை. வராந்தா பெஞ்சின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள்மேல் எனக்குக் கோபம் இருந்தது, இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே ராத்திரியில் அவள் முகம் இளைத்துப்போயிருந்ததைப் பார்த்ததும் திட்ட மனம் வரவில்லை.

"அண்ணி, புள்ளைய இனி எங்கிட்ட உடுவீங்களா?" என்று கேட்டாள்.

"உடாம?" என்றேன்.

"அப்படின்னா எனக்குச் சொல்லிக் குடுங்க. வேற என்னத்துக்கெல்லாம் பயப்படோணும்? காட்டுல, ஊட்டுல, எதெதுல என்ன இருக்குதுன்னு சொல்லுங்க. நான் மனசுல வெச்சுக்கறேன்."

சொல்ல வாயைத் திறந்தேன். மண்ணைப் பற்றியோ, தண்ணீரைப் பற்றியோ, பாம்பைப் பற்றியோ, குழந்தையின் உடம்பைப் பற்றியோ நான் உட்கார்ந்து கேட்ட வகுப்பு எதுவும் இல்லை.

"எனக்கு அந்த ஒண்ணுதான் தெரியும் கண்ணு" என்றேன்.

அவள் நம்பாமல் என்னைப் பார்த்தாள். பிறகு நம்பினாள். "அப்ப மத்ததெல்லாம்?" என்றாள் மெதுவாக.

அவள் முகத்தில் பயத்தை நான் பார்த்தது அதுதான் முதல் முறை. எனக்கு அவளைக் கேலி செய்யத் தோன்றவில்லை.